பையில் ஒரு நகப் பெட்டி: மலையகத்தில் வேலைக்கும் வெளியூருக்கும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய் மாலை வரை தேயிலை மலையில் நிற்பவர்கள், ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய் மாதக் கடைசியில் வீடு திரும்புகிறவர்கள், நுவரெலியா ஹோட்டல்களில் இரவு முறை பார்ப்பவர்கள், வெளிநாடு போக ஆயத்தமாகிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கைப்பையில் எடுத்துப்போகும் நகச் சாமான்களைப் பற்றி எங்களுக்கு மூன்று விஷயங்களில் உறுதியான கருத்து உண்டு: பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும், உள்ளே ஈரம் நிற்கக் கூடாது. கடையில் பார்க்க அழகாயிருக்கும் பன்னிரண்டு சாமான் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலும் தவறிவிடுகின்றன.

பெட்டியில் என்னென்ன இருந்தால் போதும்?

கைக்கு ஒரு சிறிய நகவெட்டி, காலுக்கு நேரான வாயுள்ள பெரிய நகவெட்டி, ஒரு நக அரம், நகத்தின் அடியைச் சுத்தம் செய்ய ஒரு மரக்குச்சி, 5 அல்லது 10 மி.லீ. எண்ணெய், நான்கைந்து பிளாஸ்டர். இத்துடன் ஸ்பிரிட்டில் நனைத்துத் தனித்தனியாக உறையிட்டு பாமசியில் விற்கும் துடைப்புத் துண்டு ஐந்தாறு. எல்லாம் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

வேண்டாதவை என்று நாங்கள் சொல்வது: நகத்தோல் வெட்டும் குறடு, இரும்பால் ஆன கூர் முனைச் சுரண்டி, நகத்துக்குப் பளபளப்பு ஏற்றும் நான்கு பக்கக் கட்டை. நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் தடுக்கும் அடைப்பு. பயணத்தில், சரியான வெளிச்சம் இல்லாத இடத்தில், அதை வெட்டப் போனால் மறுநாள் விரல் வீங்கும். அந்தக் குறடு வீட்டிலும் இல்லாமல் இருப்பதே நல்லது.

நல்ல நகவெட்டியைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயை மெதுவாக அழுத்தி மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு அலகும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சேர வேண்டும். நடுவில் ஒளி தெரிந்தால் அது நகத்தை வெட்டாது, நசுக்கித்தான் பிய்க்கும். மேலலகு கீழலகைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அடுத்து, கடைக்காரர் தரும் பில்லின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். விளிம்பு சீராக வந்தால் கூர் சரி. கடைசியாக, கைப்பிடியைத் தாங்கும் குத்தூசியைப் பாருங்கள். அது பக்கவாட்டில் அதிகம் ஆடினால் சில மாதங்களில் கைப்பிடி கழன்று வரும்.

சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி நகவெட்டி கைவிரலுக்குப் போதும். கால் பெருவிரலுக்கு அது ஆகாது. தடித்த நகத்தை அதால் வெட்டும்போது அலகு வளைந்து, பிறகு கைநகத்துக்கும் உதவாமல் போய்விடும்.

நகவெட்டியில் கறுப்புப் புள்ளி விழுகிறது. துருவா, கறையா?

மலையகத்தில் இரண்டும் உண்டு. செம்பழுப்பாக, தடவினால் சொரசொரப்பாக இருந்தால் துரு. நீலங்கலந்த கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தேயிலைக் கறை. கொழுந்தின் சாற்றிலுள்ள தனின் வகைப் பொருள்கள் இரும்புடன் சேர்ந்தால் கறுக்கும். அதனால்தான் கொழுந்து எடுத்த கையோடு நகம் வெட்டினால் அலகு கறுத்துப்போகிறது. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள்.

துரு பிடிக்கக் காரணம் பையின் ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழைக்காலத்தில் துணியே நாள்கணக்கில் காயாது. இடுப்பில் கட்டும் நனைந்த படங்கோடும் குடையோடும் ஒரே பையில் கிடக்கும் நகவெட்டி துருப்பிடிப்பதில் வியப்பில்லை. பயன்படுத்தியதும் துடையுங்கள். இறுக மூடும் பெட்டியில், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயில் ஒரே ஒரு துளியைக் குத்தூசி சுற்றும் இடத்தில் விட்டு, கைப்பிடியை ஐந்தாறு தடவை அழுத்தி, வழிந்ததைத் துடையுங்கள். லேசான துருவை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து எடுக்கலாம். வெட்டும் விளிம்பிலேயே துரு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் வேறொன்று வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடுகிறதே?

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் போத்தலிலிருந்து சொட்டும் எண்ணெய் நானுஓயா வரும்போது வெள்ளைக் கட்டியாக இருக்கும். கெட்டுப்போகவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒடுங்கிய வாயுள்ள போத்தலை விட்டுவிட்டு, விரல் நுழையக்கூடிய சிறு டப்பாவில் ஊற்றி வையுங்கள். உறைந்தாலும் நகத்தால் தோண்டாமல் விரல் நுனியை ஒரு நிமிடம் மேலே வைத்தால் தேவையான அளவு உருகும். நல்லெண்ணெய் நுவரெலியாக் குளிரிலும் திரவமாகவே இருக்கும். சொட்டுப் போத்தல்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதுவே நல்லது.

அளவு: பத்து விரலுக்கும் சேர்த்து மூன்று துளி தாராளம். கை கழுவித் துடைத்து, தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே நகம் தொடங்கும் இடத்தில் தேயுங்கள். படுக்கப் போகும் முன் செய்வது மிகவும் பலன் தரும், ஏனென்றால் அதன் பிறகு கை தண்ணீரில் படாது.

நகம் தாள் தாளாக உரிகிறது. எந்த அரம் வாங்குவது, எப்படித் தேய்ப்பது?

நகம் பல மெல்லிய அடுக்குகளால் ஆனது. அரத்தை முன்னும் பின்னும் இழுத்தால் அந்த அடுக்குகள் நுனியில் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். எனவே ஒரே திசையில், பக்கத்திலிருந்து நடுவுக்கு இழுத்து, அரத்தை எடுத்து, மறுபடி பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு மறுபக்கம். குளித்த உடனே தேய்க்க வேண்டாம். ஊறிய நகம் மெத்தென்று இருக்கும், சுலபமாகப் பிரியும்.

அரத்தில் அச்சிட்டிருக்கும் எண் சிறிதாகச் சிறிதாகச் சொரசொரப்பு கூடும். 80, 100 என்பவை ஒட்டு நகங்களுக்கு. நம் சொந்த நகத்துக்கு 180இல் வடிவம் கொடுத்து 240இல் விளிம்பை வழுவழுப்பாக்கினால் போதும். நகவெட்டியின் கைப்பிடியில் கீறியிருக்கும் இரும்பு அரம் அவசரத்துக்கு உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். அட்டை அரம் மலிவு. ஆனால் ஈரம் பட்டால் ஊதிப்போகும், கழுவவும் முடியாது. பயணத்துக்கு எங்கள் தேர்வு கண்ணாடி அரம். கழுவலாம், துருப்பிடிக்காது, வருடக்கணக்கில் வரும். கீழே விழுந்தால் உடையும் என்பதுதான் அதன் ஒரே குறை, உறையோடு வாங்குங்கள்.

உரிவதற்கு அரம் மட்டும் காரணமல்ல. நாள் முழுதும் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் எந்த நகமும் உரியும். பாத்திரம் கழுவும் வேலையென்றால் உள்ளே பருத்தி உறையும் வெளியே ரப்பர் உறையும் போடுவது எந்தக் களிம்பையும் விடப் பயன்படும்.

கொழுந்துக் கறை நகத்தைவிட்டுப் போவதில்லை. என்ன செய்வது?

இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும்போது பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் சாறு படுகிறது. பச்சை இலை தொழிற்சாலையில் எப்படிக் காற்றுப்பட்டுச் செம்பழுப்பாகிறதோ, அதே மாற்றம்தான் விரலிலும் நடக்கிறது. மறுநாள் வரை விட்டால் நகத்தின் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அன்றன்றே எடுப்பது பாதி வேலை.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து ஐந்து நிமிடம் விரலை ஊற வையுங்கள். பழைய, மென்மையான பல் தூரிகையால் நகத்தின் மேலும் நுனிக்கு அடியிலும் தேயுங்கள். அப்படியும் நிற்கும் கறைக்கு அரை தேசிக்காயை ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். விரலில் வெடிப்போ கீறலோ இருந்தால் தேசிக்காய் வேண்டாம், எரியும், புண்ணும் ஆற நாளாகும். முடிவில் எண்ணெய்.

நகத்தின் அடியை ஊக்காலோ செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முனையாலோ தோண்டுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நகம் சதையைவிட்டு ஒரு நூல் விலகுகிறது. விலகிய இடத்தில் அழுக்கும் தண்ணீரும் இன்னும் ஆழமாகப் போகும், மறுபடி தோண்டத் தோன்றும். மரக்குச்சியின் நுனியில் ஈரப் பஞ்சைச் சுற்றி, பக்கவாட்டில் மட்டும் தள்ளுங்கள்.

மலைக்குப் போகும் முன், ஈரமான சவர்க்காரக் கட்டியின் மேல் நகங்களை ஒருமுறை இழுத்துக்கொண்டால் நகத்தின் அடி சவர்க்காரத்தால் நிரம்பிவிடும், அழுக்கு உள்ளே போக இடமிருக்காது. மாலையில் தண்ணீர் பட்டதும் எல்லாம் சேர்ந்து கழன்று வரும். மழை நாளில் இது பலிக்காது. உரம் போடும் நாளிலும் மருந்தடிக்கும் நாளிலும் நகத்தை ஒரு மி.மீ. அளவுக்கு வெட்டி வைப்பதும், சோற்றில் கை வைக்கும் முன் நகத்தடியைக் கழுவுவதும் அழகுக்காக அல்ல. உரமும் மருந்தும் வயிற்றுக்குள் போகாமல் இருக்க.

வெளியூரில் நகம் பாதியில் பிளந்துவிட்டது. வெட்டாமல் காப்பாற்ற முடியுமா?

பிளவு சதை வரை போகவில்லை, இரத்தம் இல்லை என்றால் முடியும். அதற்கு வேண்டியவை நகப் பசையும் தேயிலைப் பையின் காகிதமும். அந்தக் காகிதம் மெல்லியதாகவும் நார் நிறைந்ததாகவும் இருப்பதால் கிழியாமல் பிடிக்கும். முக்கோண வடிவில் வரும் நைலோன் வலைப் பைகள் ஆகாது.

பையை வெட்டித் தேயிலையைக் கொட்டிவிட்டு, காகிதத்தில் பிளவைவிட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதான துண்டு எடுங்கள். நகத்தை ஸ்பிரிட் துண்டால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் பசை பிடிக்காது. பிளவின் மேல் நகப் பசை ஒரு சிறு துளி. காகிதத்தை வைத்து மரக்குச்சியால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்துங்கள். மேலே இன்னொரு துளி. இரண்டு மூன்று நிமிடம் காய்ந்ததும் 240 அரத்தால் விளிம்பை நகத்தோடு சமமாகும் வரை தேய்த்து, நிறமற்ற கியூடெக்ஸ் (நகப்பூச்சு) ஒரு பூச்சு. ஒரு வாரம் போல நிற்கும். அதற்குள் நகம் கொஞ்சம் வளர்ந்திருக்கும், பிறகு வெட்டிவிடலாம்.

எச்சரிக்கை ஒன்று. இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அதிகம் ஊறினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். வழிந்ததைப் பஞ்சால் துடைக்காதீர்கள். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் வைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

கியூடெக்ஸை அழிக்கும் ரிமூவர் போத்தல் ஊருக்கு வரும்போதெல்லாம் பையில் கசிகிறது. மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது?

மூடி மட்டும் காரணமல்ல, மலையும் காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் மூடிய போத்தலுக்குள் அடைபட்ட காற்று மேலே ஏற ஏற விரிந்து திரவத்தை வெளியே தள்ளுகிறது. படுத்துக் கிடக்கும் போத்தலில் முதலில் வெளியே வருவது திரவம்தான்.

மென்மையான போத்தலென்றால் இலேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றியபடி மூடுங்கள். வாயின் மேல் ஒரு துண்டு பொலித்தீன் வைத்து அதன் மேல் மூடியைத் திருகுங்கள். நிமிர்த்தி வைத்து, சிப் பையொன்றுக்குள் போடுங்கள். அசிட்டோன் உள்ள ரிமூவரைக் கண்ணாடி போல் தெளிவாயிருக்கும் கடினப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றக் கூடாது. பலவகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். கண்ணாடிப் போத்தலோ பால் நிறத்து மென்மையான பிளாஸ்டிக்கோ தாங்கும். இந்தத் தொல்லை எதுவும் வேண்டாமென்றால் ரிமூவரில் ஊறவைத்த வட்டத் துண்டுகள் டப்பாவில் வருகின்றன. ஒரு பயணத்துக்கு அவை நிறையவே போதும்.

பஸ்ஸிலோ ரயிலிலோ ரிமூவரைத் திறக்காதீர்கள். பக்கத்திலிருப்பவருக்கு மலைப்பாதையின் வளைவுகளே போதும், அந்த வாடை வேறு சேர்ந்தால் வாந்திதான். வீட்டிலும் அடுப்பு, சாமி விளக்கு எரியும் இடத்திலிருந்து தள்ளி இருங்கள். அசிட்டோன் ஆவி கடுங்குளிரிலும் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமாகையால் தரையோடு பரவும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகளில் அடுப்பு இரண்டு எட்டில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

குளிரில் கியூடெக்ஸ் கட்டியாகிறது, காயவும் மாட்டேன் என்கிறது.

குளிரில் பூச்சு தடிப்பதும், உள்ளேயிருக்கும் கரைப்பான் மெதுவாக ஆவியாவதும் இயல்பு. மூடிய போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்கவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் குமிழ் வரும். ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் மூன்று நான்கு நிமிட இடைவெளி. மேலே தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இறுக இன்னும் நேரமாகும். பூசிய சூட்டோடு போர்வைக்குள் கையை விட்டால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும்.

உண்மையாகவே கெட்டியான போத்தலுக்குக் கியூடெக்ஸ் தின்னர் என்று கேட்டு வாங்கி இரண்டு மூன்று துளி விடுங்கள். ரிமூவர் ஊற்றினால் அப்போதைக்கு இளகும். பிறகு பூச்சு ஒட்டாமல் உரியும்.

பையில் வைக்கும் சிறிய யூஎஸ்பி விளக்கில் ஜெல் (விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சு) பூசலாமா?

பயணத்தில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஜெல் அதற்கேற்ற விளக்கில் முழுவதுமாக இறுக வேண்டும். சிறு விளக்கில் மேல்பக்கம் இறுகி உள்ளே பச்சையாக நிற்பதுண்டு. அந்த இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். ஏற்கெனவே பூசியிருந்து வெளியூரில் உரியத் தொடங்கினால் பிய்க்காதீர்கள், நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். மேற்பரப்பை அரத்தால் இலேசாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விட்டால் மரக்குச்சியால் தள்ளியதும் வரும்.

வீட்டில் ஆறு பேருக்கும் ஒரே நகவெட்டி. தப்பா?

ஆம், மாற்ற வேண்டிய பழக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்தாலும் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி பரவும். அந்தக் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். நகப் பூஞ்சையும் இப்படித்தான் ஒரு வீட்டில் சுற்றிவருகிறது. ஆளுக்கொன்று வாங்கி, கைப்பிடியில் வேறுவேறு நிறத்தில் கியூடெக்ஸ் பொட்டு வைத்துவிட்டால் மாறாது.

இரவல் கொடுத்துவிட்டீர்கள் என்றால்: சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள், முழுவதும் உலோகமாயின் கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிடம் போடுங்கள், உடனே துடைத்துக் காயவையுங்கள். ஸ்பிரிட் அன்றாடத் துடைப்புக்குச் சரி, அழுக்கின் மேலேயே ஊற்றினால் வேலை செய்யாது.

நகச்சுற்று வந்துவிட்டது. ஊருக்குப் போகும் வரை தாக்குப்பிடிப்பது எப்படி?

சிவப்பும் வலியும் மட்டுமென்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, 15 நிமிடம் வையுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு பிளாஸ்டர் போடுங்கள். தேசிக்காயைத் துளைத்து விரலில் மாட்டும் வழக்கம் நமக்குள் உண்டு. அது விரலை மணிக்கணக்கில் ஈரத்திலேயே வைத்திருக்கும், புண்ணை அரிக்கும், தவிர்ப்பது நல்லது. சீழ் தெரிந்தால், சிவப்பு விரலைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால் ஊர் வரும் வரை காத்திராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசியால் குத்தாதீர்கள்.

கால் நகத்துக்கு என்ன வித்தியாசம்?

நேராக வெட்டுங்கள். மூலையை வளைத்து வெட்டினால் அந்த முனை வளரும்போது சதைக்குள் இறங்கும். நாள் முழுதும் ரப்பர் பூட்ஸோ இறுக்கமான சப்பாத்தோ போடுகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். பையில் ஒரு சோடி மாற்றுக் காலுறை வைத்திருப்பதும் நகப் பராமரிப்புத்தான். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளர்கிறது, கால் நகம் அதில் பாதியளவு. அதனால் அடிபட்டுக் கறுத்த பெருவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடத்துக்கு மேலாகும்.

சீனி வியாதி உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கால் நகத்தைத் தாங்களே வெட்ட வேண்டாம். வெட்டுப்பட்டதே தெரியாமல் புண் பெரிதாகும். கண் நன்றாகத் தெரிந்த வீட்டார் வெட்டிவிடட்டும், அல்லது அரத்தால் மட்டும் தேயுங்கள். தடித்த நகமோ ஆறாத கீறலோ இருந்தால் கிளினிக் நாளில் காட்டுங்கள்.

கைக்குழந்தையோடு பயணம் என்றால்?

உருண்டை முனையுள்ள குழந்தைக் கத்தரிக்கோல், தனி உறையில். தூங்கும்போது, வண்டி நின்றிருக்கும்போது மட்டும். விரல் நுனிச் சதையைக் கீழே அமுக்கிப் பிடித்து வெட்டினால் தோல் மாட்டாது. பல்லால் கடித்து எடுப்பது வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கியூடெக்ஸை அழிக்கச் சொல்கிறார்களே?

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளக்கும் கருவி நகத்தினூடாக ஒளியைச் செலுத்துகிறது. கறுப்பு, நீலம், பச்சை போன்ற கடும் நிறங்கள் அளவீட்டைக் குழப்பலாம். தவிர, நகம் நீலமாவதையும் வெளிறுவதையும் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்தால் முதல் நாளே அழித்துவிடுங்கள், மருதோன்றியும் அந்தச் சமயத்தில் வேண்டாம். அது அழியாது, வளர்ந்துதான் போகும்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நகவெட்டியைப் பறிப்பார்களா?

சாதாரண நகவெட்டியை பெரும்பாலான விமான நிலையங்கள் கைப்பையில் அனுமதிக்கின்றன. கத்தரிக்கோலுக்குப் பல நாடுகளில் அலகு 6 செ.மீ. எல்லை. சிறு கத்தி மடிந்திருக்கும் பல சாமான் சேர்ந்த நகவெட்டியை, விமானத்தில் ஏற்றக் கொடுத்துவிடும் பெரிய பெட்டியில் போடுங்கள். கியூடெக்ஸ், எண்ணெய், ரிமூவர் எல்லாம் கைப்பையில் திரவக் கணக்கில் சேரும்: ஒவ்வொரு போத்தலும் 100 மி.லீ. வரை, எல்லாம் ஒரு லீற்றர் அளவுள்ள தெளிவான பைக்குள். பாதிதான் இருக்கிறது என்று 200 மி.லீ. போத்தலைக் கொண்டுபோனால் விடமாட்டார்கள், போத்தலின் அளவுதான் கணக்கு. சார்ஜ் செய்யும் மின் அரத்துக்கான பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சோதனை மேசையில் நிற்கும் அதிகாரியின் முடிவே இறுதி என்பதால், விலையுயர்ந்த சாமானைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டு, கைப்பைக்கு மலிவான நகவெட்டி ஒன்று போதும்.